மூட்டம் போட்ட கதவு

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் பெரியப்பாவின் வாழைக்காய் மண்டி இருந்தது. வாசல் போர்டில் ஏதோ ஒரு சாமி பெயர் போட்டிருந்தது. அதை யாரும் நிமிர்ந்து படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஊருக்கு அது கெடிகார மண்டி. கல்யாணத்துக்குப் பழம் வேண்டும் என்று யார் வந்தாலும், பெரியப்பா விலையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். "என்னைக்கு வேணும், எத்தனை மணிக்கு வேணும்?" என்றுதான் முதல் கேள்வி. அவர்கள் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு ஏதோ எண்ணுவார். பிறகு, "சரி, காலையில எட்டு மணிக்கு உரிச்சுப் பாருங்க. ஏழு மணிக்கே உரிச்சுட்டு வந்து துவர்க்குதுன்னா என்னைக் கேட்கக் கூடாது" என்பார்.

சொன்ன மணிக்குப் பழுக்கவும் செய்யும். அதனால்தான் அந்தப் பெயர்.

பெரியம்மாவுக்கு மட்டும் இந்தப் பெருமையில் நம்பிக்கை கிடையாது. "வாழைத்தாருக்கெல்லாம் ஜாதகம் கணிக்கிறார். வீட்டுல சோறு எத்தனை மணிக்கு ஆறிப்போகும்னு கணிக்கத் தெரியலை" என்பாள். பெரியப்பா கேட்டுக்கொண்டே ஆறிய சோற்றைப் பிசைவார். "ஆறின சோறும் ஒரு பக்குவம்தான்டி" என்பார். இரண்டு பேரும் பேசுவதைக் கேட்பதற்கென்றே நான் சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிடுவேன்.

பெரியப்பாவும் அப்பாவும் கொள்ளிடக்கரையில் கோவணத்துண்டு அகலத்துக்கு நிலம் வைத்திருந்த ஒருவரின் பிள்ளைகள். பெரியப்பா ஐந்தாம் வகுப்போடு சரி. பதினைந்து வயதில் ஒரு பழைய சைக்கிளில் பக்கத்துக்கு ஒரு தாராகக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திருச்சிக்கு மிதித்து வந்தவர். "தூரத்துலேர்ந்து பார்த்தா சைக்கிளுக்குக் காது முளைச்ச மாதிரி இருக்கும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்கு விவரம் தெரிந்தபோது அவருக்கு மண்டி இருந்தது, மேஜை இருந்தது, பழுக்க வைக்கிற அறை இருந்தது. பிள்ளைகள்தான் இல்லை. ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அப்பா பொன்மலைக்கு வேலைக்குப் போகிறவர், அவருக்கு நாங்கள் நான்கு பெண்கள். மூன்றாவதான என்னைச் சின்ன வயதிலேயே, "இது என் பங்கு, இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று பெரியப்பா எடுத்துக்கொண்டார். லீவு விட்டால் அவரோடு டவுன் பஸ் ஏறி மண்டிக்குப் போய்விடுவேன்.

அந்தக் காலத்தில் வாழைத்தாரைப் பழுக்க வைத்த விதத்தை இப்போது சொன்னால்தான் தெரியும். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, குனிந்து நுழைகிற கதவு. தார்களை நெருக்கி அடுக்கி, மேலே வாழைச் சருகைப் போர்த்தி, உள்மூலையில் ஒரு பானையில் வரட்டியையும் உமியையும் கனலவிடுவார்கள். அது எரியக் கூடாது, புகைய மட்டும் வேண்டும். பிறகு கதவைச் சாத்தி, ஒரு ஊசி நுழைகிற சந்தைக்கூட விடாமல் ஈரக் களிமண்ணை வைத்து அடைத்துவிடுவார்கள். இதற்கு மூட்டம் போடுவது என்று பெயர். வெயில் காலத்தில் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். தை மாசக் குளிரில் இரண்டு நாள் ஆகும்.

மூட்டம் போடுகிறவர் மாரிமுத்து அண்ணன். துறையூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். பெரியப்பா அவருக்கு இரண்டே இரண்டு சட்டம் போட்டிருந்தார். ஒன்று, மூட்டம் போட்ட அறையைத் திறந்தால் உடனே உள்ளே நுழையக் கூடாது, ஒரு வெற்றிலையைப் போட்டு மென்று துப்புகிற நேரமாவது வெளியே நிற்க வேண்டும். இன்னொன்று, கதவில் எங்கேயாவது புகை கசிவதைக் கண்டால் கண்டவர் அந்த நிமிஷமே அடைக்க வேண்டும். "யாரு விட்ட ஓட்டைங்கிற பஞ்சாயத்தெல்லாம் அப்புறம். முதல்ல மண்ணை எடு" என்பார்.

இந்த இரண்டாவது சட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நான் சொல்லப்போகும் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் உறையூர்க் கல்யாணம் ஒன்றுக்கு மூட்டம் போட்டபோது, கதவு ஓரத்தில் இருந்த ஓட்டையை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தார்கள் எல்லாம் பச்சையாகவே நின்றுவிட்டன. பெண்ணுக்கு மாமாவோ யாரோ, பந்தலில் நாலு பேருக்கு நடுவே ஒரு காயை உரிக்க முடியாமல் உரித்துப் பெரியப்பா கையில் கொடுத்து, "என்னங்க, கெடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டாராம். அன்றைக்குப் பெரியப்பா சாப்பிடவில்லை. பெரியம்மா சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த லீவில் நான் ஒருநாள் கதவோரம் விளையாடிக்கொண்டிருந்தபோது, நூல் மாதிரி ஒரு புகை வருவதைக் கண்டு சொன்னேன். பெரியப்பா என்னைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்து, சந்தில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "பெரிய ஆளுங்க கண்ணுக்கெல்லாம் தப்பினது இவ கண்ணுக்குத் தப்பலை. இனிமே இவதான் இங்கே இன்ஸ்பெக்டர்." அன்றிலிருந்து நான் மண்டிக்குள் நுழைந்தால், "இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சு, மாரிமுத்து, எழுந்து நில்லு" என்பார். அவரும் எழுந்து நிற்பார். எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு எட்டு வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் என்ன வேண்டும்?

அந்தப் பொங்கல் லீவில் ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலிருந்து ஒரு பெரிய கல்யாணம் வந்தது. வியாழக்கிழமை முகூர்த்தம். அறை கொள்ளுகிற மட்டும் பூவன் தார். புதன்கிழமை காலை எட்டு மணி என்று பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். உறையூர்க் கதை இவர்கள் காதுக்கும் போயிருந்தது. ஆகையால் வீட்டுக்கு வந்ததும், "இதுலயும் தப்பினா ஸ்ரீரங்கத்துல நான் வெளியில தலைகாட்ட முடியாது. நீ சொல்ற மாதிரி சோத்தை மட்டும் கணிச்சுக்கிட்டு வீட்டோட கிடக்க வேண்டியதுதான்" என்று பெரியம்மாவிடம் சொன்னார். "கிடங்களேன், சூடாவாவது சாப்பிடலாம்" என்றாள் பெரியம்மா.

திங்கட்கிழமை மத்தியானம் மூட்டம் போட்டார்கள். அன்று ராத்திரி குளிர் கொஞ்சம் அதிகம். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே பெரியப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவுக்கு நேரே போய் நிற்பார், மூக்கை வைத்து முகர்வார், உள்ளங்கையைக் கதவில் வைத்துப் பார்ப்பார். "சூடு பத்தலை மாரிமுத்து, உமி அணைஞ்சிருக்குமோ?" என்றார். "திறந்து பார்த்துடலாங்களா?" என்று கேட்டார் மாரிமுத்து அண்ணன். "திறந்துபோட்டு நின்னா இருக்கிற புகையும் போயிடும். அப்புறம் எட்டு மணி பத்து மணியாயிடும்" என்று சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பினார். சாயங்காலம் கல்யாண வீட்டுக்கு ஒரு நடை போய்வர வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மாரிமுத்து அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போனார். நான் அடுத்த வாசலில் இருந்த வெங்காய மண்டிக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய தராசு உண்டு. மண்டிக்கார மாமா ஒரு தட்டில் என்னையும் மறு தட்டில் வெங்காயத்தையும் போட்டு, "கால் மூட்டை தேறமாட்டே போலிருக்கே, பெரியம்மா சோறு போடறாங்களா இல்லையா?" என்று கேட்பார். எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியவில்லை. வெயில் சந்துத் தரையை விட்டு எதிர்ச் சுவருக்கு ஏறியிருந்தது. திரும்பி வந்தபோது மேஜையில் பெரியப்பா இல்லை. கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார், என்னைக் கூட்டிப் போகவில்லை என்று கொஞ்சம் கோபம்.

அப்புறம் என் உத்தியோகம் ஞாபகம் வந்து கதவைப் பார்க்கப் போனேன். ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை பூச்சு உதிர்ந்து கிடந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் அந்த ஓரம் முழுக்கப் புகை மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

எட்டு மணி, உத்தர வீதி, பெரியப்பா தலைகாட்ட முடியாமல் போவது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பக்கத்திலேயே களிமண் வாளி இருந்தது. யாரையும் கூப்பிடவில்லை. முதலில் மண்ணை எடு என்பதுதானே சட்டம்? எட்டாத இடத்துக்கு ஒரு கூடையைக் கவிழ்த்து ஏறிக்கொண்டேன். மேலிருந்து கீழ்வரை ஒரு சந்து விடாமல் அடைத்து முடித்தேன். குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து பெரியப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வந்ததும் எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கல்யாணத்தையே நான் காப்பாற்றியிருந்தேன். இதை வேறு யாரிடமும் முதலில் சொல்வதாக இல்லை.

நாலு மணிக்கு மாரிமுத்து அண்ணன் வந்தார். ஆறு மணிக்கு அப்பா வேலை முடிந்து எங்களைக் கூட்டிப்போக வந்தார். பெரியப்பா வரவில்லை. "கல்யாண வீட்டுல பழத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருப்பார், மாப்பிள்ளையே எழுந்து போனாலும் முடிக்க மாட்டார்" என்றார் வெங்காய மண்டி மாமா. அப்பா என்னோடு ஸ்ரீரங்கம் வந்து உத்தர வீதியில் விசாரித்தார். அங்கே அவர் வரவேயில்லை. உடனே இரண்டு பேரும் மறுபடி பஸ் பிடித்து மண்டிக்குப் போனோம். என்னை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகப் பார்த்தார் அப்பா. நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். பெரியப்பா வரும்போது நான் அங்கே இருக்க வேண்டாமா?

அதற்குள் வெங்காய மண்டி மாமா காபி ஓட்டல், தெப்பக்குளத்துப் பாக்குக் கடை, பெரியாஸ்பத்திரி என்று ஆள் அனுப்பியிருந்தார். ஒன்றும் தெரியவில்லை. சும்மா நிற்க முடியாமல் யாரோ ஒருவர், "உள்ளே கிள்ளே போயிருப்பாரா?" என்றார். மாரிமுத்து அண்ணன் லாந்தரைத் தூக்கிக் கதவுப் பக்கம் காட்டினார். "பூச்சு அப்படியே இருக்குதுங்களே. உள்ளே போனவர் வெளியிலேர்ந்து எப்படிங்க பூசுவார்?" என்றார். கேட்டவரே சிரித்துவிட்டார். எல்லோருக்கும் அந்தக் கவலையிலும் ஒரு சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். என் பூச்சு இத்தனை நேரம் விரிசல் விடாமல் இருந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "பெரியப்பாவைப் பார்த்தியாம்மா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நான் பார்க்கவில்லை. உண்மையைத்தான் சொன்னேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கல்யாண வீட்டு வண்டிகள் வந்து நின்றன. இரவெல்லாம் அலைந்த அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. "அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கார். அவர் வர்றப்ப வரட்டும். பழம் போயாகணும்" என்றார். வீட்டில் உட்கார முடியாமல் பெரியம்மாவும் வந்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாரிமுத்து அண்ணன் கொத்துக் கரண்டியோடு கதவுக்கு முன்னால் குந்தினார். குத்துவதற்கு ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டார். பூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் வேகவேகமாகக் குத்தினார். மண் கட்டிகட்டியாக விழுந்தது. கதவைத் திறந்தார்.

பூவன் பழம் பழுத்த வாசனை சந்து முழுக்கப் பரவியது. கதவோரத்துத் தாரிலிருந்து வண்டிக்காரர் ஒருவர் ஒரு பழத்தைப் பறித்து உரித்துத் தின்றார். "தேனுங்க" என்றார். "அண்ணன் கணக்குத் தப்பலை" என்று அப்பா சொன்னார். பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கே போய்த் தொலைஞ்சாரோ, இதைப் பார்க்கிறதுக்கு இல்லாம" என்றாள்.

மாரிமுத்து அண்ணன் அன்றைக்கு வெற்றிலை மெல்லுகிற நேரம் நிற்கவில்லை. உள்ளே போனார். தாரைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று வண்டிக்காரர்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் வெறுங்கையோடு வெளியே வந்தார்.

"சின்னய்யா, அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

பெரியப்பாவைப் பானை இருந்த மூலைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். கையருகே உமி கொண்டுபோன முறம் கவிழ்ந்து கிடந்தது. பூச்சைத் தானே உடைத்து, உள்ளே போய், புகை வீணாகாமலிருக்கக் கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டிருக்கிறார். உமியைப் போட்டுவிட்டு ஒரு மூச்சில் வந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். நாலு மூச்சில் மயக்கம் வந்து விழுந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். எத்தனை நேரம் உயிர் இருந்திருக்கும் என்று அப்பா கேட்டபோது அவர் கைப்பையை மூடிக்கொண்டு புறப்பட்டாராம். இதெல்லாம் நான் பிற்பாடு பெரியவர்கள் பேச்சிலிருந்து ஒட்டிச் சேர்த்துத் தெரிந்துகொண்டவை. அப்போது பார்த்தது, பெரியப்பாவின் பனியனும் மீசையும் புகை படிந்து பழுப்பாக இருந்ததைத்தான். வெளியே கிடத்தியதும் பெரியம்மா அவர் முகத்தைத் துடைக்கத் துடைக்கப் போகாமல் இருந்தது. அவள் அழவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சந்தில் எல்லா மண்டிகளும் ஒவ்வொரு பலகையாகச் சாத்தின. வண்டிக்காரர்கள் வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்தப் பழத்தை இனி எந்தப் பந்தலுக்கும் கொண்டுபோக முடியாது. எல்லோரும் பெரியப்பாவைச் சுற்றி நின்றார்கள். நான் மட்டும் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரிமுத்து அண்ணன் அங்கே தனியாக உட்கார்ந்து, கீழே விழுந்த களிமண் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெரிய கட்டியில் என் ஐந்து விரலும் அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அதையும் எடுத்துப் போட்டார். தண்ணீரை ஊற்றினார். இரண்டு கையாலும் பிசைய ஆரம்பித்தார். கதவு நிலையில் ஒட்டியிருந்ததையும் ஈரத் துணியால் துடைத்தார். இப்போது போய் யாருக்கு மூட்டம் போடப்போகிறார் என்று எனக்கு ஆச்சரியம்.

போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "உள்ளே ஆள் இருக்கறப்ப வெளியில அடைச்சது யாருய்யா?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றார் மாரிமுத்து அண்ணன். "சாப்பிட்டுட்டு வந்து பார்த்தேன். உதிர்ந்து கிடந்துச்சு. அடைச்சுட்டேன். உள்ளே இருப்பாருன்னு ராத்திரி கேட்டப்பக்கூடத் தோணலைங்க."

அவர் வந்தது நாலு மணிக்கு. அதற்கு எவ்வளவோ முன்னால் நான் அடைத்து முடித்துவிட்டேன். கூடைமேல் ஏறி அடைத்தது நான். இத்தனை பேருக்கு முன்னால் ஒரு பெரிய மனுஷர் இப்படிப் புளுகுகிறாரே என்று, அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியம்மா எழுந்து வந்தாள். அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். "பாவி, ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? அடைக்கிறதுக்கு முன்னாடி 'உள்ளே யாரு'ன்னு ஒரே ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்தபடி, "கொடுத்திருக்கணும்மா, கொடுத்திருக்கணும்" என்றார். பெரியம்மா அப்போதுதான் அழுதாள். அந்தச் சத்தத்தில் என் பேச்சு யாருக்குக் கேட்கும்?

மாரிமுத்து அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். தெரியாமல் நடந்தது என்று சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆள் இருப்பது தெரியாமல் கதவை அடைத்தவர் என்று அந்தச் சந்திலேயே விரல் நீட்டினார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஸ்ரீரங்கம் வீட்டுக்கு அவர் வந்தார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். ஒரு துணிப்பை வைத்திருந்தார். ஊருக்குப் புறப்பட்டுவிட்டார் போலிருக்கிறது. நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லிக்க வேணாம். நல்லாச் சாப்பிட்டு, நல்லாப் படிக்கணும், என்ன?" என்றார்.

அவர் பொய் சொன்னதை நான் வெளியே சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். நான் அடைத்ததைத் தான் அடைத்ததாகச் சொன்னவரிடம் எனக்கு என்ன பேச்சு? முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.